ராஷ்கோ காத்திருந்த விமானம்

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருப்பவள் நான். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் நேரே வாசல்படி. யார் போகிறார்கள், யார் வருகிறார்கள், யார் குடித்துவிட்டு வருகிறார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். பென்கா வேவு பார்க்கிறாள் என்று மேல்வீட்டுக்காரிகள் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். பல்கேரிய விமானப் படைக்காரர்களுக்காகக் கட்டிய கட்டடம் இது. காரை பெயர்ந்து, லிஃப்ட் நின்றுபோய் வருஷக்கணக்காகிறது. நானும் படைத்தளத்தில்தான் வேலை பார்க்கிறேன். போர் விமானம் தரையிறங்கும்போது வேகத்தை இழுத்துப் பிடிக்க வால் பக்கம் ஒரு பாராசூட் விரியும். அதை உலர்த்தி, மடித்து, மறுபடி உறைக்குள் திணிப்பது என் வேலை. முழங்காலைப் போட்டு அழுத்தினால்தான் உள்ளே போகும். என் இடுப்பு அதிலேயே போய்விட்டது.

மூன்றாம் மாடி மேஜர் ராஷ்கோவைப் பற்றிச் சொல்ல வந்தேன். கல்யாணமான புதிதில் தெமெனுகாவைக் கூட்டிக்கொண்டு இங்கே குடி வந்தான். அப்போது லெப்டினன்ட். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. எங்கள் தளத்தில் இருந்ததெல்லாம் ரஷ்யாக்காரன் செய்த பழைய விமானங்கள். "ரெண்டே வருஷம், அக்கா. புது விமானம் வருது. மந்திரியே சொல்லிட்டார்" என்றான் அன்றைக்கு. நானும் நம்பினேன். மந்திரி சொன்னால் நம்புகிற வயசு எனக்கும் இருந்தது.

ரெண்டு வருஷம் போனது. அந்த மந்திரியும் போனார். அடுத்தவர் வந்து, பழைய டெண்டர் செல்லாது, எல்லாம் முதலிலிருந்து என்றார். சுவீடன்காரர்கள் வந்தார்கள், விருந்து நடந்தது, போனார்கள். பிறகு இத்தாலிக்காரர்கள். பிறகு அமெரிக்காக்காரர்கள். வருகிறவர்கள் எல்லாரும் விமானிகளுக்கு ஒரு தொப்பியும், மேஜை மேல் வைக்க ஒரு பொம்மை விமானமும் கொடுத்துவிட்டுப் போவார்கள். ராஷ்கோ வீட்டு அலமாரியில் அப்படி ஒரு படையே நின்றது. அவன் மகள் யானா அதையெல்லாம் வைத்துத்தான் விளையாடி வளர்ந்தாள். ஒரு தேர்தல் முடிந்த மறுநாள் அவளே கேட்டாள்: "அப்பா, புது கவர்ன்மென்ட் வந்துடுச்சே, எனக்குப் புது பொம்மை எப்போ வரும்?" அவன் விழுந்து விழுந்து சிரித்தான். தெமெனுகா சிரிக்கவில்லை.

இருந்த பழைய விமானங்களோ ஒவ்வொன்றாகப் படுத்தன. எஞ்சினைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பினால் கிணற்றில் போட்ட கல்தான். ஒன்றைப் பிரித்து இன்னொன்றுக்கு மாட்டுவார்கள். விமானி என்றால் பறக்க வேண்டாமா? எங்கள் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். விமானக் கொட்டகை பக்கத்தில் ஓர் அறை. யாராவது எல்லை தாண்டி வந்துவிட்டால் உடனே கிளம்புவதற்காக, அதில் பறக்கிற உடுப்போடு நாள் முழுக்கக் காவல் இருக்க வேண்டும். காபி, தாயக்கட்டை, மறுபடி காபி. "நான் விமானி இல்லக்கா. பல்கேரியா ஆகாசத்துக்கு வாட்ச்மேன்" என்பான் ராஷ்கோ.

அவனோடு படித்தவர்கள் பாதிப்பேர் பயணிகள் விமானம் ஓட்டப் போய்விட்டார்கள். நல்ல சம்பளம், சோபியாவில் வீடு, கோடையில் கிரீஸ் கடற்கரை. இவனையும் கூப்பிட்டார்கள். போகமாட்டேன் என்றுவிட்டான். அன்று மேலே நடந்த சண்டை என் அடுப்படி வரைக்கும் கேட்டது.

"அந்த விமானத்தை நீ கட்டிக்கிட்டிருக்கணும், என்னை ஏன் கட்டிக்கிட்டே?"

"ஒரே ஒரு தடவை, தெமெனுகா. புதுசு ஒண்ணை ஒரே ஒரு தடவை கையில எடுத்துட்டா அப்புறம் எங்க கூப்பிட்டாலும் வரேன்."

அதுதான் அவன் கேட்டது, வேறொன்றும் இல்லை. பேராசைக்காரன் என்று யாரும் சொல்ல முடியாது.

கடைசியில் அந்த அதிசயமும் நடந்தது. அமெரிக்க விமானம்தான் என்று கையெழுத்தாகிவிட்டது. முதல் தொகுதி விமானிகள் பயிற்சிக்கு அமெரிக்கா போக வேண்டும். ஆனால் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இடமில்லையாம். ராஷ்கோ அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மயிரிழையில் நின்றான். தலையெல்லாம் நரைத்தவன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி இங்கிலீஷ் படித்தான். பால்கனியில் குடமிளகாய் சுடும்போதுகூடக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு முணுமுணுப்பான். பரீட்சை தேறினான். பாக்கி இருந்தது சோபியா ராணுவ மருத்துவமனையில் உடல் பரிசோதனை ஒன்றுதான். அதுவும் சரியென்றால் மறு வாரமே பயணம்.

பரிசோதனைக்குப் போன அந்த ஜனவரிக் காலை நான் ஜன்னலில்தான் நின்றேன். மூக்கு உறைந்து விழுந்துவிடும் போலக் குளிர். ஒருவர் பெரிய காரியத்துக்குக் கிளம்பினால் அவர் காலடிக்கு முன்னால் தண்ணீர் ஊற்றி அனுப்புவது எங்கள் வழக்கம். காரியம் தண்ணீராய் ஓடட்டும் என்றுதான். பள்ளிக்கூடம் போகிற முதல் நாள் பிள்ளைக்கு ஊற்றுவோம், பட்டாளத்துக்குப் போகிறவனுக்கு ஊற்றுவோம். ஒரு சின்னச் செம்பு போதும். தெமெனுகா அன்று குடத்தையே கொண்டுவந்தாள். அம்மா வீட்டுச் சீதனமாக வந்த செப்புக்குடம். அதில் ராசிக்கென்று ஒரு ஜெரேனியப் பூங்கொத்து வேறு.

"இவ்வளவா?" என்றான் ராஷ்கோ. "நான் என்ன கப்பல்லயா போறேன்?"

"வாய மூடிட்டு நட. இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஊத்துறேன்."

குடம் முழுவதையும் படியில் கவிழ்த்தாள். ஈரத்தில் கால் வைத்து அவன் இறங்கினான். எனக்குச் சல்யூட் அடித்தான். குளிர் தாங்காமல் நான் ஜன்னலைச் சாத்தினேன். போய்க் காரில் உட்கார்ந்தான். கார் கிளம்பவில்லை. அதுவும் ரஷ்யாக்காரன் செய்ததுதான். மூடியைத் திறந்தான், ஒயரை இழுத்தான், திட்டினான், மறுபடி உட்கார்ந்தான். ஊகூம். கொஞ்சம் வெந்நீர் இருந்தால் சரியாகிவிடும் என்று திரும்பி ஓடி வந்தான். அதற்குள் படியில் ஊற்றினதெல்லாம் கண்ணாடியாக உறைந்திருந்தது. நான் ஜன்னலைத் தட்டிக் கத்தினேன், ரெட்டைக் கண்ணாடி, கேட்கவில்லை. கால் மேலே போனது. வலது கையை ஊன்றி விழுந்தான். முறிந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது மாதிரிதான் இருக்கிறது.

நான் வெளியே ஓடும்போது அவன் படியில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். முகம் வெள்ளையாகிவிட்டது. தெமெனுகா காலிக் குடத்தோடு கதவில் நின்றாள். அழக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"ஒண்ணுமில்ல" என்றான் அவளைப் பார்த்து. "சுளுக்குத்தான். பென்கா அக்கா, ஒரு டாக்ஸிக்குச் சொல்லுங்க. சோபியா போகணும்."

"சோபியாவா? கை தொங்குதுடா, பைத்தியக்காரா!"

"டாக்ஸிக்குச் சொல்லுங்கக்கா."

போனான். முறிந்த கையோடு நூற்றுக்கு மேல் கிலோமீட்டர் போனான். டாக்டர் முன்னால் நின்று, சுளுக்குத்தான் என்று அங்கேயும் சொல்லிப் பார்த்தானாம். மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். அடுத்த தொகுதியில் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். அடுத்த தொகுதிக்குள் அவன் வயதுக் கோட்டைத் தாண்டிவிடுவான் என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும். அவன் இடத்தில் இரண்டாம் மாடிப் பையன் கலோயானை அனுப்பினார்கள். ராஷ்கோவிடம் பறக்கக் கற்றுக்கொண்ட பையன்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஊர் முழுக்க என்ன பேசினார்கள்? தெமெனுகா தண்ணீர் ஊற்றினாள், புருஷன் வாழ்க்கை வழுக்கிவிட்டது என்று பேசினார்கள். ரொட்டிக்கடையில் என் காது படவே ஒருத்தி சொன்னாள். "அடியே, இருபது வருஷமா அல்வா குடுத்தானுங்களே மந்திரிமாருங்க, அவனுங்க வாசல்ல யாருடி தண்ணி ஊத்தினா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். சொன்ன நேரத்தில் விமானம் வந்திருந்தால் ராஷ்கோ அதை ஓட்டி, அலுத்து, பென்ஷனும் வாங்கியிருப்பான். இதை யாரும் பேசமாட்டார்கள். ஒரு குடம் தண்ணீரைப் பேசுவது சுலபம்.

ராஷ்கோ அவளை ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் அவளைத் தின்றது. "திட்டினான்னா நல்லா இருக்கும் அக்கா. ஒரு தட்டையாவது தூக்கி வீசலாமில்ல?" என்று என் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டாள். அதன் பிறகு அவள் யாருக்கும் தண்ணீர் ஊற்றவில்லை. யானா வேலைக்கு ஜெர்மனி போனபோதும் ஊற்றவில்லை. அந்தப் பெண் டாக்ஸிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, படியையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் வறண்ட படியில்தான் இறங்கிப் போனாள்.

கை கூடியதும் ராஷ்கோ திரும்பப் பழைய விமானத்துக்கே வந்தான். நல்ல விமானிகள் எல்லாம் அமெரிக்காவில். இங்கே வானத்தைக் காக்க ஆள் வேண்டுமே! மிஞ்சியவர்கள் இரண்டு மூன்று பேர், பறக்கிற நிலையில் இருந்த விமானங்களும் அவ்வளவுதான். ஓய்வு கேட்டவனைத் தளபதி விடவில்லை. "புதுசு தயாராகிற வரைக்கும் இரு ராஷ்கோ. நீயும் போயிட்டா யார் இருக்கா?" என்றார். இருந்தான். முன்னைவிட அதிக நாள் அந்த அறையில் உட்கார்ந்தான். அவன் இறங்கும்போது அவிழ்கிற பாராசூட்டை நான்தான் மடித்தேன். பேச்சு குறைந்துபோயிருந்தது. என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவான், போவான்.

புது விமானம் வந்திறங்கிய நாளில் பேண்டு வாத்தியம், வரவேற்க ரொட்டியும் உப்பும், பெரிய மனிதர்கள், எல்லாம் உண்டு. ராஷ்கோவுக்கு அன்று காவல் முறை. அறையைவிட்டு நகரக்கூடாது. பந்தியில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பணியாரம் இருந்தது, ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

"பார்த்தீங்களா?" என்றான்.

"பார்த்தேன். சின்னதா இருக்கு."

"மேல கண்ணாடி மூடி திறந்திருந்துச்சா? உள்ள பார்த்தீங்களா?"

"எனக்கு என்னடா தெரியும்? நிறைய கண்ணாடி. நாற்காலி கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு."

"ஆமா, சாய்ஞ்சுதான் இருக்கும்" என்றான். தட்டை மடியில் வைத்துக்கொண்டான். சாப்பிடவில்லை. "வரும்போது சத்தம் கேட்டேன் அக்கா. நம்மளோடது மாதிரி இல்ல."

நான் ஏதோ வேலை இருப்பது போல வெளியே வந்துவிட்டேன். கொட்டகைக்குப் பின்னால் நின்று அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்?

அடுத்த கோடையில்தான் எங்கள் ஆட்கள் புதுசை எங்கள் தளத்திலிருந்து எடுத்துப் பறக்க அனுமதி வந்தது. முதலில் எடுக்கப் போகிறவன் கலோயான். காலையில் அவன் மனைவி இலியானா சின்னப் பிளாஸ்டிக் ஜாடியில் தண்ணீரோடு படியில் வந்து நின்றாள். மூன்றாம் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் ஜாடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பாவம், இருபத்தைந்து வயதுப் பெண், அவள் வேறு என்ன செய்வாள்?

கலோயான் இறங்கி வந்தான். அவன் பின்னாலேயே ராஷ்கோவும் வந்தான். அவனுக்கு அன்றும் காவல் முறை. பையன் ஒதுங்கி வழிவிட்டான்.

"நீங்க முன்னாடி போங்க அண்ணே."

"போடா. இன்னைக்கு நீதான் மாப்பிள்ளை."

"அண்ணே... அது உங்க இடம். நான்..."

"தெரியும். அதைக் கெடுத்துடாத, போதும்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தெமெனுகா இறங்கி வந்தாள். சமையல் அங்கியோடு, தலை வாராமல். யாரையும் பார்க்கவில்லை. நேரே இலியானாவிடம் போய்க் கையை நீட்டினாள்.

"குடு."

இலியானா முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்தாள். ஜாடியைக் கொடுத்தாள். தெமெனுகா குனிந்து படியை ஒரு தரம் கையால் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் கல் சுட்டிருக்க வேண்டும். பிறகு கலோயானின் காலடிக்கு முன்னால் மெதுவாக ஊற்றினாள்.

"போயிட்டு வா, தம்பி. தண்ணியா ஓடட்டும்."

பையன் ஈரத்தில் மிதித்து இறங்கினான். ஜாடியில் இன்னும் பாதி இருந்தது. தெமெனுகா அதை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராஷ்கோ படியில் அசையாமல் நின்றான்.

"அவனுக்கு மட்டும்தானா?" என்றான்.

"உனக்கு எதுக்கு? அந்தப் பழசுல சும்மா உக்காரத்தான போற."

"உக்காரத்தான் போறேன். இருந்தாலும் ஊத்து."

"ராஷ்கோ..."

"ஊத்து தெமெனுகா. நேரமாகுது."

அவள் ஊற்றினாள். ஊற்றும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, இத்தனை நாள் கழித்து. அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கிழவன் போல ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினான். கீழே வந்ததும் திரும்பி என் ஜன்னலுக்கு ஒரு சல்யூட் அடித்தான். பிறகு காரில் உட்கார்ந்து சாவியைத் திருகினான். கிளம்பிவிட்டது.