ஸ்டெல்லாவின் முகத்தை ஏன் மறைத்தார்கள்?

பெங்களூரில் காலை வேளையில் தள்ளுவண்டிக்காரர் "சொப்பு, சொப்பு" என்று கூவிக்கொண்டு போவார். தருமபுரியிலிருந்து வந்த புதிதில், குழந்தைகளின் விளையாட்டுச் சொப்புதான் விற்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். வண்டி நிறையக் கீரை. கன்னடத்தில் கீரைக்கு அதுதான் பெயர். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டென்பது போன மாதம்தான் தெரிந்தது.

நான் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை. எங்கள் நீளம் தாண்டும் வீரன் கிரண், விடுதியில் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்ட அன்று வாசலில் சேனல் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. ஒரு நிருபர் மைக்கை நீட்டி, "மேடம், நிம்ம ஹுடுகரு சொப்பு தகோள்தாரா?" என்றார். உங்கள் பையன்கள் கீரை எடுத்துக்கொள்கிறார்களா என்று கேட்டு விடுதிச் சாப்பாட்டைக் குறைசொல்ல வருகிறார் என்று நினைத்து, பையன்களுக்கு வாரம் இரண்டு முறை நாங்களே போடுகிறோம் என்றேன். கேமராக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். இங்கே கஞ்சாவையும் அப்படித்தான் சொல்வார்கள் என்று வாட்ச்மேன் காதோரம் சொன்னார். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, எங்கள் மாணவி ஸ்டெல்லா முந்தின நாள் நானூறு மீட்டரில் தங்கம் வாங்கியதை நிருபரிடம் சொன்னேன். "அவளூ சொப்பா?" என்று ஆவலாகக் கேட்டார்.

அன்று மாலை முழுக்க டிவியில் கிரண்தான். சின்ன வயதுப் படம், அவன் தாண்டும் காட்சி, அவனுக்காகக் கவலைப்பட நான்கு பேர். நானும் கவலைப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமை. கல்லூரி நாளில் நானும் நானூறு மீட்டர் ஓடியவள். மாநிலப் போட்டியில் வெள்ளி வாங்கியபோது, பேப்பரில் சுமதி என்ற என் பெயரைச் சுந்தரி என்று போட்டார்கள். இவன் பெயரில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை பாராட்டாத அண்ணன் இப்போது ஊரிலிருந்து போன் செய்தார்: "சுமதி, உங்க காலேஜக் காட்றாங்க. நீ எப்ப டிவியில வருவ?"

நான் வரவில்லை. ஸ்டெல்லா வந்தாள். பரிசளிப்புக் குழுப்படத்தில் கிரணைச் சிவப்பு வட்டமிட்டிருந்தார்கள். பக்கத்தில் கழுத்துப் பதக்கத்தோடு அவள். முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள்.

மறுநாள், தமிழர்கள் நிறைய வாழும் லிங்கராஜபுரத்திலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "உன் பொண்ணும் மாட்டிக்கிச்சான்னு சர்ச்சுல கேக்கறாங்க மேடம். இனிமே ஓட வேணாம்னு அவங்கப்பா சொல்லிட்டாரு."

"பொட்டலம் வெச்சிருந்தவன் மூஞ்சி பளிச்சுனு தெரியுது," என்றாள் ஸ்டெல்லா. "என் மூஞ்சிய ஏன் மேடம் மறைச்சாங்க?"

அவள் தங்கம் வாங்கியதைப் படத்தோடு போடச் சொல்லிப் பத்திரிகைகளுக்குப் போன் செய்தேன். தமிழில் பேசியவர், "கர்நாடகாப் பொண்ணாச்சே, எங்க எடிஷன்ல வராதுங்க" என்றார். கன்னடத்தில் பேசியவர் கிரணைப் பற்றி வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். கடைசியில் அவள் வீட்டுக்கே போய் அப்பாவிடம் மன்றாடினேன். ஒரே ஒரு போட்டி என்று இறங்கி வந்தார்.

அது ஓசூரில் நடந்தது. ஒலிபெருக்கியில் அவள் 'கர்நாடகா'. பக்கத்து லேனில் தமிழ்நாட்டுப் பெண். கடைசி வளைவில் இருவரும் தோளோடு தோள் வர, "ஓடு, ஓடு!" என்று கத்தினேன். இரண்டு மொழியிலும் அது ஒரே சொல். ஸ்டெல்லா முந்தினாள். அருகில் நின்ற பெரியவர் என் தமிழ் முகத்தைப் பார்த்து, "நம்ம பொண்ணு தோத்துடுச்சேம்மா" என்று வருந்தினார். ஆமாம் என்று தலையசைத்தேன், கைதட்டுவதை நிறுத்தாமல்.