ரயில் தடுத்த அம்மன்

புங்கன்கொட்டாய் பாஞ்சாலிக்குச் சாமி வராது. மற்றப் பெண்களுக்கு உடுக்கைச் சத்தம் காதில் விழுந்தால் போதும், கண்ணைச் சொருகிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பாஞ்சாலி மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வந்தது சாமியா, மாமியா மேல இருக்கற கடுப்பா?" என்று பக்கத்தில் இருப்பவள் காதைக் கடிப்பாள். அப்பேர்ப்பட்டவள்தான் ஐம்பது வயதுக்கு மேல் ஊருக்கு ஒரு அம்மனை உண்டாக்கிக் கொடுத்தாள். கேட்டுவிட்டு யாரை வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள். நான் எல்லாரையும் திட்டி முடித்துவிட்டேன்.

அவளுக்கு இருந்தது ஒரு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஓடு போட்ட ஒரு வீடு. புருஷன் மாது குடித்தே போய்ச் சேர்ந்தான். பாறையாய்க் கிடந்த நிலத்தை அவள்தான் வெட்டித் திருத்தினாள். கேழ்வரகு போட்டாள், தக்காளி போட்டாள், மகள் பூவிழியைப் படிக்க வைத்து ஓசூரில் கட்டிக்கொடுத்தாள். எல்லாம் செய்தவள் ஒன்றைச் செய்யவில்லை. பட்டா இன்னும் செத்துப்போன மாமனார் பேரிலேயே கிடந்தது. கொழுந்தன் குப்புராஜ், "நான் பாத்துக்கறேன் அண்ணி" என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டான். குள்ளநரியிடம் கோழிக்கூட்டுச் சாவியைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

இந்த நிலத்தோரம் ஒரு மண்மேடு ஓடுகிறது. ரயில்கரை என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு அதன் மேல் குட்டி ரயில் ஓடியது. யுத்தம் வந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு தேர்தலுக்கும் ரயில் வந்தது. ஓட்டு எண்ணி முடித்ததும் போயிற்று. ரயில் வந்தால் ஒகேனக்கல் அருவிக்குப் போகிற கூட்டமெல்லாம் நம் ஊர் வழியாகத்தான் போகும், கடை வைக்கலாம், லாட்ஜ் கட்டலாம் என்று மூன்று தலைமுறை வாயில் எச்சில் ஊறியது. பாஞ்சாலியும் ஒரு தடவை உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்து, ரயில் விடு என்று கோஷம் போட்டவள்தான்.

ரயில் உண்மையாகவே வரப்போகிறது என்றதும் அளவுக்கல் நட ஆட்கள் வந்தார்கள். அளவெடுக்க வந்த பிரபாகர் என்ற இளைஞன், வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே, தக்காளிச் செடிகளுக்குள் ஒரு கல்லை ஊன்றினான். கல்லில் கறுப்பு எழுத்து.

"எவ்ளோ சார் போவும்?"

"வூடு, கெணறு எல்லாமே வழியிலதாம்மா இருக்குது. நஷ்டஈடு குடுத்துருவாங்க."

"யாருக்குக் குடுப்பீங்க?"

"பட்டா யாரு பேர்ல இருக்குதோ, அவங்க வாரிசுக்கு."

வாரிசு என்றால் ஊரும் விஏஓவும் குப்புராஜைத்தான் கை காட்டும். அன்றைக்கு முழுக்க அவள் சோறு பொங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பிரபாகர் ஆட்களோடு வந்தபோது கல்லில் எழுத்தைக் காணோம். மேலிருந்து கீழ்வரை மஞ்சள், நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம், இடுப்பில் சிவப்புத் துணி. எதிரே ஈரப்புடவையோடு பாஞ்சாலி. இவன் டேப்பை விரித்ததும் அவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். ஐம்பது வருஷம் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக் கேலி பேசியவள் அல்லவா, ஒரு அசைவு பிசகவில்லை.

"டேய்! இது என் எடம்டா! மண்ணுக்குள்ள கெடந்தவ மேல வந்திருக்கறேன். ஒருத்தன் கை வெச்சாலும் குடும்பத்தோட அழிச்சிருவேன்!"

பிரபாகர் டேப்பைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டான். ஆட்கள் செருப்பைக் கழற்றினார்கள். கூடிநின்ற ஊரும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவர்கள் போனபின் பாஞ்சாலி கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

சில மாதத்தில் பாதை கிழக்கே மாறிவிட்டது. அந்தப் பக்கம் பாறை குறைவு, அதுதான் காரணம். ஆனால் ஊர் விடுமா? ரயிலையே திருப்பிவிட்டாள் ஆத்தா என்று அரூர், கடத்தூர் வரைக்கும் பேச்சு. பேரும் வைத்துவிட்டார்கள், ரயில் தடுத்த அம்மன். முதல் தேங்காய் உடைத்தவன் குப்புராஜ். கிழக்கே இருந்த அவனுடைய தரிசு நிலத்துக்கு ரயில்வே கை நிறையக் கொடுத்திருந்தது. அந்தத் தெம்பில் அம்மனுக்குத் தகரக் கொட்டகை போட்டான், வெள்ளிக் கவசம் சாத்தினான், பூசாரியையும் பிடித்து வந்தான்.

பாஞ்சாலியும் முதலில் உச்சி குளிர்ந்துதான் கிடந்தாள். பொய் சொல்லப்படாது. முன்பு ஏறிட்டுப் பார்க்காதவர்கள் அவள் கையால் திருநீறு வாங்கினார்கள். வேலியில் போன ஓணானை மடியில் எடுத்துவிட்டுக்கொண்டோம் என்று அவளுக்கு உறைத்தபோது தக்காளித் தோட்டம் வண்டி நிறுத்துகிற இடமாகியிருந்தது. கிணறு தீர்த்தமாகிவிட்டது, மோட்டார் போடக் கூடாது என்று பூசாரி பூட்டுப் போட்டான்.

"ஏன் தம்பி, என் நெலத்துல நான் வெள்ளாமை வெக்க வேணாமா?" என்று குப்புராஜிடம் போய் நின்றாள்.

"ஒங்க நெலமா? இது என் எடம்னு ஆத்தாவே சொல்லிட்டாளே. ஒங்க வாயாலதான் அண்ணி சொன்னா. ஊரே கேட்டுச்சு."

அதோடு விட்டானா பாவி! ஆடிமாசக் கூழ் ஊற்றும்போது அவன் பெண்டாட்டி கலைமணிக்குச் சாமி வந்தது. "இந்த வூடு என் பார்வைய மறைக்குதுடா. எடுத்துப் போடுங்கடா" என்று பாஞ்சாலியின் வீட்டை நோக்கி வேப்பிலையை வீசினாள். கூட்டம் சரி தாயே என்றது.

பாஞ்சாலிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பொய்ச்சாமி எப்படி ஆடும் என்று அவளுக்குத் தெரியாதா? கொட்டகைக்குள் ஏறி நின்று கத்தினாள்.

"அது சாமியே இல்லை! ரயில்வேக்காரன் நட்ட கல்லு. வூடு போயிருமேன்னு நான்தான் மஞ்சளப் பூசினேன், நான்தான் ஆடினேன். எல்லாம் பொய்யி. கவசத்தக் கழட்டிப் பாருங்க, எழுத்து இருக்கும்!"

"ஆத்தாள அம்மணமாக்கச் சொல்றியாடி?" என்று கலைமணி கன்னத்தில் அறைந்தாள். சாமி அடித்த அடி என்பதால் கேட்க நாதியில்லை. பெற்ற தாயை இல்லை என்கிறவளைப் பார்ப்பதுபோல் எல்லாரும் பார்த்தார்கள். தெய்வக்குற்றம் தீர, ஈரத்துணியோடு கோயிலைச் சுற்றி உருளச் சொன்னார்கள். உருண்டாள். அவள் கையால் கல் பொறுக்கிய மண், அதனால் முதுகில் அதிகம் குத்தியிருக்காது. சனங்கள் இரக்கமில்லாதவர்கள் என்று சொல்லமாட்டேன். சுற்றி முடித்ததும் ஒருத்தி மோர் கொடுத்தாள்.

பூவிழி போனில் அழுதாள். "இங்க வந்துரு அம்மா. அவங்களோட உன்னால முடியாது."

"சாட்சி ஒருத்தன் இருக்கறான்டி" என்றாள் பாஞ்சாலி. கல்லை நட்டவன் வாயால் சொன்னால் ஊர் நம்பித்தானே ஆகவேண்டும்? அவள் பிரபாகரைத் தேடி மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் அலைந்தாள். வேலை முடிந்து எங்கோ போய்விட்டான் என்றார்கள்.

வீட்டை இடிக்கக் குறித்த நாளன்று அவனே வந்தான். கூடப் பெண்டாட்டி, அவள் இடுப்பில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை. பாஞ்சாலி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு நடுவே இழுத்து வந்தாள். குப்புராஜுக்கு முகம் சுண்டிவிட்டது.

"சார், நீங்க ஒருத்தர் சொன்னாப் போதும். இந்தக் கல்ல நட்டது யாரு?"

"நான்தாம்மா" என்றான் பிரபாகர்.

"கேட்டுக்குங்க! எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க!"

"நான்தான் நட்டேன். கல்யாணமாகி எட்டு வருசம் எங்களுக்குக் கொழந்த இல்லை. அன்னைக்கு நீங்க ஆடறப்ப, இது நெசமா இருந்தா எனக்கொரு கொழந்தயக் குடுன்னு மனசுக்குள்ள வேண்டினேன். மறு வருசமே இவன் பொறந்தான்." அவன் குழந்தையின் மொட்டைத் தலையைத் தடவினான். "ஆயிரம் கல்லு நட்டிருக்கறேன். இதை மட்டும் என் கையால நட வெச்சது அவதாம்மா."

சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிப் பாஞ்சாலியின் காலடியில் போட்டு, தானும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கூட்டம் ஓம் சக்தி என்று அதிர்ந்தது. கலைமணியே வந்து காலைத் தொட்டாள். குழந்தை வீறிட்டது.

குப்புராஜ் பதமாக அவள் தோளைப் பிடித்து, வீட்டுக்கு எதிரே உறுமிக்கொண்டு நின்ற ஜேசிபியிடம் கூட்டிப்போனான். "ஒங்க கையாலயே ஆரம்பிச்சு வையுங்க அண்ணி. அதுதான் மொற" என்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தான்.

அவள் குனிந்து அதைச் சக்கரத்துக்கடியில் வைத்தாள்.