தண்ணி மந்திரி

தெருக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் தண்ணி மந்திரி. முச்சந்தியில் இரும்பு மூடியைத் தூக்கி, ஆளுயரச் சாவியால் வால்வைத் திருகி, தெருத் தெருவாகத் தண்ணீர் விடுவது அவர் வேலை. யார் வீட்டிலாவது விசேஷம், சாவு என்றால் நகரசபை வார்டு உறுப்பினரிடம் சொல்வார்கள். அவர் தலையசைத்தால் போதும், மந்திரி கொஞ்சம் கூடுதலாகத் திருகுவார்.

பிறகு நகரசபையைக் கலைத்தார்கள். வால்வில் மோட்டாரைப் பூட்டினார்கள். தலைநகரத்தில் யாரோ திரையைத் தொட்டால் இங்கே வால்வு திறந்தது. அதிகாரிகள் குடியிருப்புக்கு மட்டும் தாராளமாகத் திறந்தது. மந்திரியின் வீடு இருந்த கடைசித் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான்.

"நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்கண்ணே, போதும்" என்றார் என்ஜினியர். எதற்கென்று முதல் நாளே புரிந்துவிட்டது. தலைநகரத்தைத் திட்ட முடியாதவர்களுக்கு எதிரே ஒரு முகம் வேண்டுமே!

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையோடு வந்தாள்.

"ஏங்க, பச்சப்புள்ள துணி அலசத் தண்ணியில்ல. ஊருக்கே மந்திரி, வீட்டுக்கு ஒண்ணுமில்ல" என்றாள் மனைவி.

ரோஷம் வந்துவிட்டது. பட்டப்பகலில் பழைய சாவியோடு போய், மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கையாலேயே திருகினார். கடைசித் தெருக் குழாய் செருமி, துருவைத் துப்பி, பிறகு தெளிந்து கொட்டியது. பெண்கள் சொம்பைக்கூட விடாமல் நிரப்பினார்கள்.

"மாமா, அடுத்த தேர்தல்ல நீங்கதான்!"

"முதல்ல தேர்தலை நடத்தச் சொல்லு தாயி" என்று சிரித்தார்.

மறுநாள் லாரி வரவில்லை. என்ஜினியருக்குப் போன் போட்டார்.

"உங்க தெருவுல குழாய்த் தண்ணி போறதா மேல பதிவாயிடுச்சுண்ணே. இனிமே லாரி கிடையாது."

"சார், திறந்தது நான்தான். எழுதிக் குடுக்கறேன். லாரியை அனுப்பச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதா? மேல இருக்கறவங்க தாங்களே திறந்ததா நெனச்சுப் பாராட்டே அனுப்பிட்டாங்க. வாயைத் திறந்தா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். வால்வை அடைச்சு, மூடியை வெல்டிங் வெக்கச் சொல்லிட்டேன். நீங்க வழக்கம்போல நில்லுங்க."

போய் நின்றார். மூடியின் விளிம்பில் பற்றவைத்த சூடு இன்னும் ஆறவில்லை. காலிக் குடங்களோடு தெருவே திரண்டு வந்தது. முன்னால், குழந்தைத் துணி நிறைந்த வாளியோடு அவர் மனைவி.

வீட்டில் அவரை 'ஏங்க' என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டு அறியாதவள்.

"யோவ் மந்திரி! எங்கய்யா தண்ணி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்களும் ஆரம்பித்தார்கள்.