மெலிந்துகொண்டே போன வேப்பங்கம்பு

தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் கனகதாஸுக்குப் பற்பசை என்றாலே இளக்காரம். விடிந்ததும் கொல்லைப்புற வேம்பில் பெருவிரல் கனத்துக்கு ஒரு கம்பை ஒடித்து, கடைவாயில் போட்டு நறநறவென்று கடித்தபடியே தோட்டத்துக்கு நடப்பார். பிரஷும் கையுமாக நிற்கும் பக்கத்து வீட்டு சஜனைக் கண்டால் விடமாட்டார்.

"எலே, பெயிண்டு அடிக்குத பிரஷ வாயில போட்டா பல்லு வெளுக்குமாலே?"

ஐம்பது தாண்டியும் ஒரு பல் ஆடாத மனுஷன், பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்! பல்லுக்கு இவ்வளவு செய்தவர் வாயை நினைக்கவில்லை. குச்சியைத் துப்பிய கையோடு வெற்றிலையும் புகையிலையும் உள்ளே போகும்.

ஓணம் கழிந்து ஒரு காலை, அந்தக் கம்பு வாய்க்குள் போகாமல் பல்லில் முட்டி நின்றது. தாடையில் ஏதோ பிடிப்பு என்று நினைத்து, சுண்டுவிரல் கனத்தில் வேறொன்றை ஒடித்தார். கிறிஸ்துமஸ் நெருங்கியபோது அதுவும் இடித்தது. அப்போதுதான் அண்ணன் நினைவு வந்தது. அண்ணன் பொன்னுதாஸுக்கும் இப்படித்தான் வாய் மெல்ல மெல்ல அடைத்தது. புற்று என்றார்கள். கடைசியில் மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி. அதை ஊற்றியவர் கனகதாஸ்.

காரக்கோணம் ஆஸ்பத்திரி தூரமில்லை. போனால் அதே பெயரைச் சொல்லிவிடுவார்களே என்ற பயம். போகாவிட்டால் அண்ணன் போன வழி. இரண்டுக்கும் நடுவில் நின்று அவர் மெல்லிய கம்பாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, கம்பு ஓலை ஈர்க்கில் போல ஆயிட்டே?" என்று சஜன்கூடக் கேட்டுவிட்டான்.

"எளங்கம்பாக்கும் பல்லுக்கு நல்லது. நீ போலே."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். சர்ச்சில் பாடுவதையும் விட்டுவிட்டார். வாயைத் திறந்தால் ஊர் கண்டுவிடும்.

பிறகு ஒருநாள், கொழுந்துக் கம்பைக்கூடத் தள்ளித்தான் நுழைக்க வேண்டியிருந்தது. வெளியே எடுத்தால் நுனியில் ரத்தம். கிணற்றடியில் அந்தக் கம்பைக் கையில் வைத்தபடியே நின்றார். கஞ்சியோடு வந்த மனைவி கிருபாபாயிடம், "பிள்ளே, எனக்க வாய் தொறக்கல்ல" என்றார். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

அவள் திடுக்கிடவில்லை. இந்த வீட்டில் கப்பக்கிழங்கு வேகவைத்து மாதக்கணக்காகிறது, கஞ்சியை இவள் கடைந்து கடைந்தல்லவா தருகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "கேட்டா ஆமான்னு செல்லிருவியளோன்னு பயந்தாக்கும் கேக்காத இருந்தேன். எழும்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

சேலை மாற்றி வந்து கதவை இழுத்தாள். சாவி பூட்டில் நுழையாமல் கீழே விழுந்தது. அதை எடுத்துப் பூட்டியவர் கனகதாஸ்.