வீட்டோ அதிகாரமும் வீட்டு அதிகாரமும்

போன மாதம் இந்தப் பத்தியில் ஓர் எழுத்து மாறிப்போனது. ஒரே ஓர் எழுத்து. அதனால் என் கல்யாணம் நின்றுபோக இருந்தது. நம்புவீர்களா?

நான் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஊசி போடும் டாக்டர் அல்ல... தேக்கா மார்க்கெட்டில் மட்டும் இதை இருபது பேருக்கு விளக்கியாயிற்று. நாடுகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கூடிப் பேசியும் உலகத்தை ஒழுங்காக நடத்த முடியவில்லையே, ஏன்? இதுதான் என் ஆராய்ச்சி.

ஒரு பெரிய காரணம், வீட்டோ அதிகாரம். ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் ஐந்து பெரிய நாடுகளுக்கு அது உண்டு. அதில் ஒரு நாடு ‘முடியாது’ என்றால் போதும், மற்ற எல்லோரும் கையைத் தூக்கினாலும் தீர்மானம் செத்தது.

இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். எங்கள் பத்திரிகையில் அச்சுக்கோக்கும் மைதீன் அண்ணன் நல்ல மனிதர். என் எழுத்துப் பிழைகளை என்னிடம் சொல்லாமலே திருத்திவிடுவார். ‘வீட்டோ’வைப் பார்த்தார், பாவம் அவசரத்தில் எழுதியிருக்கிறான் என்று ‘வீட்டு’ ஆக்கினார். இடம் போதவில்லை என்று ஐக்கிய நாடுகள் வந்த வரியையும் எடுத்துவிட்டார்.

மிச்சம் அச்சானது இது: “மூன்று வருடமாக நான் வீட்டு அதிகாரத்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அது பெரியவர்கள் ஐந்து பேர் கையில் இருக்கிறது. அதில் ஒருவர் தலையாட்ட மறுத்தால், மற்றவர்கள் வாய் வலிக்கப் பேசினாலும் ஒன்றும் நடக்காது.”

எங்கள் வீட்டில் பெரியவர்கள் யார் யார்? அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அப்பாவின் அக்காவான என் அத்தை. எண்ணிப் பாருங்கள்!

இந்த ஐந்து பேரோடுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனேன். குவீன்ஸ்டவுனில் புது அடுக்குமாடி, ஒன்பதாவது மாடி. அத்தை லிஃப்டில் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். பெண்ணின் பெயர் மல்லிகா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. காப்பித் தட்டை நீட்டும்போது தரையைப் பார்க்காமல் என் முகத்தை நேராகப் பார்த்தாள். இவள்தான் என்று அந்த நிமிடமே எனக்குப் பட்டுவிட்டது. ஏற்கெனவே நான்கு இடம் தட்டிப்போனவன் நான். இதுவும் போய்விடக் கூடாதே!

அவள் அப்பா தொண்டையைச் செருமினார். “தம்பி, மகள் உங்ககிட்ட ஒரு வார்த்த பேசணுமாம்.”

வெளியே காரிடாரில் நின்றோம். துணைக்கு வந்த அண்ணி, பத்தடி தள்ளி நின்று கீழே போகும் பஸ்களை வேடிக்கை பார்த்தார். மல்லிகா கையில் நான்காக மடித்த பத்திரிகை.

“இதுல எழுதியிருக்கிற அஞ்சு பேரு... உண்மையா?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் ஆராய்ச்சியைப் படித்த ஒரு பெண்! இந்தத் தீவில்!

“உண்மைதாங்க. அஞ்சு பேரும் நிரந்தரம். மாத்தவே முடியாது.”

“மாத்தவே முடியாதா?”

“மாத்தணும்னாலும் அந்த அஞ்சு பேரும் சம்மதிக்கணுமே!”

“அந்த அதிகாரத்த யாரு குடுத்தா?”

“யாரு குடுப்பா? சண்டையில ஜெயிச்சாங்க, எடுத்துக்கிட்டாங்க.”

அவள் ஜன்னல் வழியாக ஹாலில் இருந்த அத்தையை ஒரு முறை பார்த்தாள்.

“புதுசா வர்றவங்க?”

“தாராளமா பேசலாம். ஆனா இவங்க கேக்கணும்னு இல்ல.”

“அப்புறம் ஏன் எல்லாரும் அங்கயே இருக்காங்க?”

“வேற எங்க போறது? இருக்கிறது ஒரே உலகம்...”

“உலகமா?” என்றாள். பத்திரிகையை என் கையில் கொடுத்தாள். படித்தேன். அச்சில் வந்ததை அப்போதுதான் பார்க்கிறேன். மைதீன் அண்ணனில் ஆரம்பித்து நியூயார்க்கில் இருக்கும் அந்தச் சபை வரைக்கும் ஒரே மூச்சில் விளக்கினேன். மல்லிகா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்துக் கேட்டாள், “சரிலா, அது உலகம். உங்க வீட்டுல அப்படி இல்லையே?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஒரு பெண்ணை உயரம் அதிகம் என்று அம்மா வேண்டாம் என்றதையும், மற்ற மூன்று இடத்தையும் அத்தை தனியாக நின்று தட்டிவிட்டதையும் சொன்னேன். டெலிபோனில் ஊரோடெல்லாம் பேசுகிற பெண் நமக்கு எதற்கு என்று, டாக்சியில் வரும்போதே அவர் ஆரம்பித்துவிட்டதையும் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் மைதீன் அண்ணன் அச்சடித்ததில் தப்பே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

“அப்ப ஒரு வழியும் இல்லையா? மூணு வருஷமா என்னதான் படிச்சீங்க?”

ரோஷம் வந்துவிட்டது. “இருக்கு. நாலாவது அத்தியாயம். அஞ்சுல ஒருத்தர் ஓட்டுப் போடாம வாய மூடிக்கிட்டு இருந்துட்டா, அது எதிர்ப்பு இல்ல. தீர்மானம் நிறைவேறிடும்.”

“வாய மூடிக்கிட்டு...” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போனாள்.

நாங்களும் போய் உட்கார்ந்தோம். வெற்றிலைத் தட்டோடு வந்தவள் நேரே அத்தையின் காலடியில் அமர்ந்தாள். வெற்றிலை என்றால் அத்தைக்கு உயிர். மூன்று கொழுந்து வெற்றிலை, கை நிறையச் சீவல், தாராளமாகச் சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை... மடித்து அவளே நீட்டினாள். அத்தை மறுப்பாரா? வாயில் அடக்கினார். கன்னம் ஒரு பக்கம் புடைத்தது.

“அப்பா,” என்றாள் மல்லிகா, “அவங்க முடிவ இப்பவே கேட்டுடுங்க.”

அவர் கேட்டார். அப்பா சரி என்றார். அம்மா தலையசைத்தார். அண்ணன் சரி, அண்ணி ரொம்பச் சரி. எல்லோரும் அத்தையைப் பார்த்தோம்.

அத்தை இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். எச்சில் துப்பப் படிக்கத்தைக் காணோம்! பளபளவென்று புதுத் தரை. ஜன்னலுக்கு வெளியே ஒன்பது மாடி ஆழம். “ம்ம்... ம்ம்ம்...” என்று ஒரு விரலைத் தூக்கினார்.

“அத்தைக்கு ஆட்சேபனை ஒண்ணும் இல்லீங்களே?” மல்லிகா டெலிபோன் குரலில் கேட்டாள். மூன்று வரை எண்ணும் நேரம் காத்திருந்தாள். “இல்லையாம்ப்பா.”

அவள் அப்பா சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றித் தை மாதத்தில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் சமையலறையிலிருந்து படிக்கம் வந்தது. கொண்டுவந்தது யார் என்று சொல்ல வேண்டுமா? அத்தை துப்பிவிட்டு, வட்டம் போட்ட காலண்டரைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், “சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கல்” என்றார். அவ்வளவுதான்.

உலகத்தை நடத்துவது எப்படி என்று இருநூறு பக்கம் எழுதிவிட்டேன். ஒரு பக்கத்திலும் வெற்றிலை இல்லை.

மைதீன் அண்ணே, தை பிறந்த பிறகு நான் ‘வீட்டோ’ என்று எழுதினாலும் நீங்கள் ‘வீட்டு’ என்றே போடுங்கள். அதுதான் சரியான எழுத்தாக இருக்கும்.