சவரி பாஸ் தொடாமல் விட்ட இடங்கள்

சவரி அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது. கஹவத்தை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் கடையில் ஒரு பேக்கரிக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். அவருடைய தங்கை மகன் வந்து வாசலில் நின்று, "வெள்ளத் துணியில ஒரு பெனர் எழுதணுங்க, இன்னைக்கே வேணும்" என்றான். சாவு வீட்டு பெனர் எல்லாமே இன்றைக்கே வேண்டியவைதான். துணியை அளந்து விரித்து, "பேரு சொல்லுப்பா" என்றேன். அவன் சொல்லவில்லை. பேர் இல்லாமல் யாருக்கு அழுவதாம் என்று எரிச்சலோடு நிமிர்ந்தபோதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். "மாமாங்க. நம்ம சவரி மாமா" என்றான். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழும்பவில்லையாம்.

இந்த ஊரில் எத்தனையோ பேருக்குக் கண்ணீர் அஞ்சலி எழுதியிருக்கிறேன். எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். அன்று அந்த ஒரு துணியை முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. பெயரையும் அடக்க நேரத்தையும் எழுதியதோடு துணியில் இடம் தீர்ந்துபோனது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கஹவத்தையிலிருந்து கொடகவெலை வரைக்கும் பங்களா வாசல்களிலும் வீட்டு முற்றங்களிலும் நிற்கிற மான், அன்னம், சிங்கம், குள்ளன், குடம் தூக்கிய பெண் என்று அவர் கை படாத சீமெந்துச் சிலை அபூர்வம். சவரிமுத்து என்பது ஞானஸ்நானப் பெயர். மேசன்மாரை பாஸ் என்பது இங்கே மரியாதை; எங்கள் ஆட்களுக்கு அவர் சவரி பாஸ், சிங்களவர்களுக்கு பாஸுன்னஹே. றப்பர்த் தோட்டத்தில் மேசனாக இருந்து தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குத் தண்ணீர்க் கானும் படியும் கட்டிக்கொண்டிருந்தவரை, தோட்டத்தை நடத்துகிற தொரையின் மனைவி ஒருநாள் கூப்பிட்டு, பங்களா வாசலில் கழுத்து முறிந்த அன்னச் சிலையைக் காட்டினாராம். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். அன்னத்துக்கு வெள்ளையடிக்க ஆள் தேடி என் கடைக்கு வந்தார். அதன் பிறகு சீமெந்து அவர், சாயம் நான்.

மழை விடாத இந்த ஊரில் சிலை எப்படிக் கெட்டுப்போகிறது என்பதை அவர் சொல்லித்தான் கேட்டேன். ஒரு பங்களாவில் மானின் கால் வெடித்திருந்தது. தோட்டக்காரப் பிள்ளைகள்தான் கல்லெறிந்து உடைத்துவிட்டார்கள் என்று சமையற்காரர் திட்டிக்கொண்டிருந்தார். சவரி அண்ணன் வெடிப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "யாரும் ஒடைக்கலங்க. உள்ள இருக்கிற கம்பி துருப்புடிச்சி ஊதிக்கிச்சி. சீமெந்து பாவம், அது என்னா பண்ணும்?" என்றார். சீமெந்துக்குப் பரிந்து பேசுகிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. சிலையில் பள்ளம் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை முதுகிலும் கழுத்திலும் ஓட்டுவார். கை எங்கே இறங்குகிறதோ அங்கே நின்று, "இந்தா இருக்கு" என்பார். கொத்திவிட்டு, நனைத்து, சாந்து பூசி, ஈரச் சாக்கைச் சுற்றி வைத்துவிட்டால், காய்ந்த பிறகு எது பழசு எது புதுசு என்று அவருக்கே தெரியாது. "நம்ம கை பட்டது தெரியக் கூடாது பெயிண்டரு. தெரிஞ்சா அது ஒட்டுப் போட்டது" என்பார். அதில் அவருக்குப் பெருமை. எனக்கும்தான்.

சிரிக்கவும் தெரிந்தவர். ஒரு மாணிக்கக்கல் முதலாளி தன் கேட்டுச் சிங்கங்களுக்குத் தங்க நிறம் பூசச் சொல்லிவிட்டு, பல்லுக்கும் தங்கமே பூசு என்றார். நான் விழித்தேன். சவரி அண்ணன் முகத்தை வெகு கவனமாக வைத்துக்கொண்டு, "சிங்கம் பல்லு வலின்னு டொக்டர்கிட்ட போயிட்டு வந்த மாதிரி இருக்குமே மொதலாளி" என்றார். முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவால்ல, பூசு" என்றார். அந்தச் சிங்கங்கள் இன்னும் தங்கப் பல்லோடுதான் நிற்கின்றன.

இனி நான் சொல்லப்போவதை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாதிக் கதைதான் கேட்டிருப்பீர்கள். அவர் அதை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கொடகவெலைப் பக்கத்திலிருந்து சோமாவதி அம்மா என்கிற சிங்களத் தாய் ஆள் அனுப்பினார். அதற்குச் சில வருடங்கள் முன்னால், கிளர்ச்சிக்காரர்கள் என்று சந்தேகித்து இளைஞர்களை இராணுவம் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போன காலத்தில், அவருடைய ஒரே மகனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. உடலும் வரவில்லை. அதனால் அந்த வீட்டில் சாவுக்கு வெள்ளைத் துணி கட்டவில்லை, பிக்குகளுக்குத் தானம் கொடுக்கவில்லை. முற்றத்தில் ஒரு சீமெந்து மான் மட்டும் இருந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில் அவன் ஓடையில் மணல் அள்ளி, வேலிக் கம்பியை வளைத்துத் தானாகச் செய்தது. காது இரண்டும் இரண்டு அளவு. பலாக் கொப்பு முறிந்து விழுந்து அதன் முன்னங்கால் உடைந்திருந்தது. "மகன் செஞ்சது. நல்லபடியா செஞ்சி குடுங்க பாஸுன்னஹே" என்று சொல்லிவிட்டு, பௌர்ணமிப் போயா நாளானபடியால் பன்சலையில் புத்தரைக் கும்பிடப் போய்விட்டார்.

சவரி அண்ணன் மானைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சின்னப் பையன், பாவம், அவசரத்துல விட்டுட்டான். அவன் நெனச்ச மாதிரி நாம முடிச்சிக் குடுப்போம்" என்றார். காலுக்குக் கம்பி கட்டி வைத்துவிட்டு, வழக்கம்போலக் கண்ணை மூடிக் கையை ஓட்டினார். முதுகில் ஒரு பள்ளம், வயிற்றில் ஒன்று, கழுத்தில் காதுக்குக் கீழே அகலமாக ஒன்று. எல்லாவற்றையும் அடைத்து மழமழவென்று தேய்த்துவிட்டார். இரக்கத்தில் செய்தது. அவ்வளவு இரக்கம் இல்லாதிருந்தால் காலை மட்டும் கட்டிவிட்டு வந்திருப்போம்.

மத்தியானம் சோமாவதி அம்மா வந்தார். வெள்ளைச் சேலையோடு நேராக மானிடம் போனார். நாங்கள் கட்டிய காலை அவர் பார்க்கவே இல்லை. கை தானாகப் போய்க் காதுக்குக் கீழே அமர்ந்தது. உடனே கையை இழுத்துக்கொண்டு, "அனே! மகே புத்தாகே அத!" என்று அலறினார். ஐயோ, என் மகனுடைய கை என்கிறார். எங்கள் இருவருக்கும் சிங்களம் நன்றாகவே தெரியும். ஆனாலும் எனக்கு விளங்கவில்லை. சவரி அண்ணனுக்குத்தான் முதலில் விளங்கியது.

சாந்து இறுகும்வரை தலை சரிந்துவிடாமல் அந்தப் பையன் ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அந்தக் கை அப்படியே பதிந்திருந்தது. அதில்தான் அந்தத் தாய் தினமும் காலையில் தன் கையை வைப்பார். அவனுடையது என்று அவருக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் இல்லை. அதை அவர் எங்களிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. யாராவது அதைத் தொடுவார்கள் என்று அவர் நினைத்தே இருக்கவில்லை.

சவரி அண்ணன் கரண்டியைத் தூக்கித் தூரப் போட்டார். "இன்னும் எறுகல. பெயிண்டரு, சாக்கப் புடி, வெயில் படாம புடி. தண்ணி விடு. மெதுவா, சொட்டுச் சொட்டா" என்றார். இரும்பு பட்டால் பழைய பதிவும் போய்விடும் என்று விளக்குமாற்று ஈர்க்கையும் தன் விரல் நகத்தையும் மட்டுமே வைத்துக்கொண்டு தான் பூசியதைத் தானே தோண்ட ஆரம்பித்தார். நனைந்தால் புதுசும் பழசும் ஒரே நிறம். விரல் நுனியால் தடவித்தான் பிரிக்க வேண்டும். "மாதாவே, மாதாவே" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். சோமாவதி அம்மா படியில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை விரல் முதலில் வந்தது. பிறகு உள்ளங்கை. பிறகு ஒவ்வொன்றாக மூன்று விரல்கள். எனக்குச் சாக்குப் பிடித்த கை மரத்துப்போனது. நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

சுண்டு விரல் வரவில்லை. சாந்து பிடிப்பதற்காக அந்த இடத்தில்தான் அவர் உளியால் கொத்தியிருந்தார். வெறும் கொத்துத் தழும்புதான் இருந்தது.

நான் குனிந்து அவர் காதில் சொன்னேன், கொஞ்சம் சாந்து வைத்து விரலால் ஓர் அழுத்து அழுத்திவிடுங்கள், அந்த அம்மாவுக்குத் தெரியாது என்று. அது கெட்ட யோசனை என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்தப் புள்ளையோட வெரல நான் வைக்கிறதா?" என்றார். பிறகு எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் அந்தத் தாயின் முன்னால் போய் நின்றார். "அம்மே, சுண்டு வெரல் போயிருச்சி. நான்தான் கொத்திட்டேன். அத என்னால திரும்பக் கொண்டுவர ஏலாது" என்று சிங்களத்தில் சொன்னார்.

சோமாவதி அம்மா வந்து கையை வைத்துப் பார்த்தார். வெகு நேரம் வைத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மன்னித்தேன் என்று சொல்லுவார் என்றும் நினைத்தேன். அவர் இரண்டும் சொல்லவில்லை. "சின்னதுல அந்த வெரலத்தான் எந்நேரமும் கடிச்சிக்கிட்டு இருப்பான்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். மறுநாள் சவரி அண்ணன் என்னைக் கூப்பிடாமலே தனியாகப் போய் மானின் காலை முடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மானுக்கு நான் சாயம் பூசவே இல்லை. இன்றும் அது சீமெந்து நிறத்தில்தான் நிற்கிறது.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் சாமான் சாக்கைப் பிரிக்கும் முன்னால் அவர் ஒரு கேள்வி கேட்பார். "எதத் தொடக் கூடாதுங்க?" அவ்வளவுதான். பலருக்குச் சிரிப்பு வந்தது. சிலையை ரிப்பேர் பண்ணக் கூப்பிட்டால் எதைத் தொடக் கூடாது என்று கேட்கிற பாஸை யார் கண்டது? ஒரு தொரை, எல்லாவற்றையும் செய்யச் சொல்லிச் சிரித்துவிட்டு பங்களாவுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, குள்ளன் சிலையின் உடைந்த மூக்கைக் காட்டினார். மகள் சைக்கிள் பழகும்போது மோதி உடைத்ததாம். அவள் இப்போது வெளிநாட்டில். "அத அப்படியே விட்டுருங்க பாஸ்" என்றார். இப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று இருந்தது. கேட்கும்வரை அவர்களுக்கே அது ஞாபகம் இல்லை.

எனக்கு எரிச்சல்தான். புது வர்ணம் பூசிய குள்ளன் உடைந்த மூக்கோடு நின்றால் பழி யாருக்கு? "அண்ணே, சவரி பாஸுக்குக் கண்ணு மங்கிருச்சின்னு ஊருல பேசிக்கிறாங்க" என்று ஒருநாள் சொல்லியே விட்டேன். "பேசட்டும். பள்ளத்த அடைக்கிறது லேசு பெயிண்டரு. அது பள்ளந்தானான்னு கேக்கணும்ல" என்றார். ஒட்டுத் தெரியக் கூடாது என்று அவ்வளவு பெருமை பேசிய மனிதர் அப்படி மாறிப்போனார். அந்த மாற்றத்துக்கு அவர் எவ்வளவு வதைபட்டார் என்பது பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

அடக்கத்துக்குச் சோமாவதி அம்மா வந்திருந்தார். தள்ளாத வயதில், கொடகவெலையிலிருந்து பஸ் ஏறி, யாரோ கைப்பிடித்து லயத்துப் படியில் ஏற்றிவிட வந்தார். எல்லோரும் சவரி அண்ணனின் முகத்தைப் பார்த்து அழுதார்கள். அவர் மட்டும் ஜெபமாலை சுற்றியிருந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, தன் கையை அதன் மேல் வைத்தார்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்துத் தருகிறேன் என்று அவர் மனைவி பிலோமினா அக்காவிடம் நானே கேட்டுப் போனேன். சுண்ணாம்பைக் கரைத்து வைத்துவிட்டு பிரஷைக் கையில் எடுத்தபோது அந்தக் கேள்வி என் வாயில் வந்தது. அவருடைய கரண்டி தங்கை மகனிடம் போயிற்று, மேசன் பை மாதா கோயில் கட்டட வேலைக்குப் போயிற்று. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தக் கேள்வி ஒன்றுதான்.

"அக்கா, எதத் தொடக் கூடாது?"

"என்னா தம்பி, நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கதவு நிலைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அங்கே சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. வேலை முடிந்து வந்தால், செருப்பைக் கழற்ற ஒரு கையை அங்கேதான் ஊன்றுவார். சீமெந்துக் கை.

"ஒவ்வொரு நத்தாருக்கும் ஏசு பாலன் பொறப்புக்குன்னு வெள்ளையடிப்பேன். காயிறதுக்குள்ள மறுபடியும் வச்சிருவாரு. கையக் கழுவிட்டு வாங்கன்னு நான் கத்தாத நாளில்ல" என்றார் அக்கா. தொடப் போனவர் தொடாமல் கையை மடக்கிக்கொண்டார். "இத மட்டும் விட்டுட்டு அடிங்க தம்பி."

சுவர் முழுவதும் அடித்தேன். அந்த இடத்துக்குக் கிட்ட வந்ததும் சுண்ணாம்பு பிரஷைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் திட்டின் ஓரத்தைச் சுற்றி அடிக்க, எழுத்து எழுதுகிற சின்ன பிரஷை எடுத்துக்கொண்டேன்.