ராணி தின்ற அறுகம்புல் மாலை

போனவர்கள் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், கல்லூரியில் படிக்கும் மகள் கவிதா, என் தம்பி சேகர்.

போன தை மாதம் கடற்கரையில் சவாரி போன கவிதா குதிரையிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது, ஆசை போகவில்லை. முறையாகக் கற்றுக்கொள்கிறேன் என்றாள். சிதம்பரத்துக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு தோப்பில் வகுப்பு நடக்கிறது. ஒரு நாள் பார்ப்பது, எனக்குப் பயம் தெளியாவிட்டால் குதிரைப் பேச்சையே விட்டுவிடுவது என்று பேசிக்கொண்டு போன ஞாயிறு கிளம்பினோம்.

திருப்பாதிரிப்புலியூரில் காலை 6.10க்குப் பேருந்து. சுமார் 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்கு 40 ரூபாய். முதலில் நடராஜர் தரிசனம். நிருத்த சபையைத் தேர்போல இழுக்கும் கல் குதிரைகளை இத்தனை வருடம் கும்பிட்டபடியே கடந்திருக்கிறேன். அன்றுதான் அவற்றின் கால்களைப் பார்த்தேன். பிள்ளையாருக்குச் சாத்திய அறுகம்புல் மாலையைப் பிரசாதமாக வாங்கிக்கொண்டேன். அங்கிருந்து தோப்புக்கு ஆட்டோ 180 ரூபாய்.

பயிற்சி தருபவர் உஸ்மான் பாய். குதிரையின் பெயர் ராணி.

"ஆயிரக்கணக்கான வருஷமா மனுசன் குதிர ஏறுறான்க்கா. கால நொழைக்கிற அங்கவடி ரொம்பப் பின்னாடிதான் வந்துச்சு. அதுக்கு முன்ன தொடையாலயே புடிச்சி உக்காந்தாங்க. உங்க பொண்ணுக்கும் மொதப் பாடம் அதான்" என்றார்.

"மாமா, நீங்களும் ஏறுறீங்களா?" என்றான் சேகர்.

"குதிர பாவம் மச்சான்" என்றார் வீட்டுக்காரர்.

பாய் ஹெல்மெட் எடுக்கப் போன நேரத்தில், விழக்கூடாது என்று வேண்டி மாலையை ராணியின் கழுத்தில் போட்டேன். கவிதா ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பஜனையில் ஜால்ரா தட்டுகிற கை, குளம்படிகளைத் தானாக எண்ணத் தொடங்கியது. நடக்கும்போது நான்கு தட்டு, ஒரே சீராக. டிராட் என்கிற சிற்றோட்டத்தில் முன்கால் ஒன்றும் எதிர்ப்பக்கப் பின்கால் ஒன்றும் சேர்ந்து விழுவதால் இரண்டே தட்டு. அடுத்தது கேன்டர் என்கிற வேக ஓட்டம், அதற்கு மூன்று என்று பாய் சொல்லியிருந்தார்.

இரண்டு, இரண்டு என்று போன தாளம் திடீரென்று அறுந்தது.

கண்ணைத் திறந்தேன். ஓடிய ஓட்டத்தில் முன்னால் சரிந்த மாலையைத் தின்ன ராணி சடாரென நின்று தலையைக் குனிந்திருந்தது. கவிதா அதன் கழுத்தின்மேல் கவிழ்ந்து கிடந்தாள். நான் அவளை நோக்கி ஓடினேன். அவளோ தொடையை இறுக்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, கடிவாளத்தை இழுத்துப் பிடித்தாள்.

"ம்மா! நான் விழலம்மா! பாத்தியா?"

"மால போட்டது யாரு?" என்று பாய் ஓடிவந்தார். நான்தான் என்றேன்.

"அதுக்கு அது டிபன்க்கா! எறங்குன பொறவு குடுங்க" என்று கழற்றிக் கையில் தந்தார்.

மறுபடி இரண்டு, இரண்டு. இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டே எண்ணினேன். ஆறு மாதமாக நெஞ்சில் இருந்த கனம் அந்தத் தோப்பிலேயே இறங்கிவிட்டது. மாலையை ராணி முழுதாகத் தின்று முடித்தபிறகு, கவிதாவை வகுப்பில் சேர்த்துவிட்டு வந்தோம்.

போகிறவர்களுக்கு: ஒரு மணி நேர வகுப்பு 500 ரூபாய். முழுக்கால் பேன்ட், மூடிய ஷூ கட்டாயம். ஒன்பதுக்கு மேல் வெயில் ஜாஸ்தி. பிரசாதம் பையிலேயே இருக்கட்டும்.

இரண்டு மாதத்தில் கேன்டர் தொடங்கலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று திங்கட்கிழமைக்குள் பாயிடம் சொல்ல வேண்டும். கை முறிந்து கூடிய பிள்ளைக்கு அது சீக்கிரமா? பிள்ளைகளைச் சவாரி வகுப்புக்கு அனுப்பியவர்கள் தயவுசெய்து அதற்குள் பதில் எழுதுங்கள்.